நாலாவது நோட்டு

பன்சொடான் நடைபாதை. நீலத் தார்ப்பாய்மேல் மழை.
"கடைசிப் பக்கத்தில் மட்டும் கிறுக்கு"
என்கிறாள் டோ மியா தின்.

முதல் நோட்டில் ழ போட்டேன்.
மை வேர்விட்டுக் கம்பளிப்பூச்சி ஆனது.
அடுத்ததில் ஒழுங்காக நின்றது;
திருப்பினால்
மறுபக்கமும் ஒரு ழ, இடவலம் மாறி,
எந்த மொழிக்கும் ஆகாமல்.
இன்னொன்று வழவழப்பு. காயவே காணோம்.
என் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது.

நாலாவது:
எழுதி, ஊதி, திருப்பி, வெளிச்சத்தில் பிடித்தால்
பின்னால் வெறும் வெள்ளை.
சட்டைப்பைக்குத்தான் அரை விரற்கடை அதிகம்.
லுங்கி மடிப்பில், முதுகுப் பக்கம் செருகிக்
குந்தினேன், எழுந்தேன்.
விழவில்லை.

ஐயாயிரத்தை நீட்டினேன்.
அதன் மூலையில் என் கட்டைவிரல் ழ,
இப்போது நேராக,
கொஞ்சமும் பரவாமல்.

அவள் திருப்பித் தந்தாள்:
கறை பட்ட நோட்டு இங்கே செல்லாது.
வேறு எடு.