ரெண்டு துண்டு வலை

மஞ்சக்குப்பம் தாலுகா ஆபீசில்
நடு மேசை என்னுடையது.
எனக்கு முன்னால் கிராம நிர்வாக அலுவலர்,
அவர் பத்துக்கு முழுதாக்குவார்.
நான் நூறுக்கு.
எனக்கப்புறம் கலெக்டர் ஆபீஸ் மாடியில் ஒருவர்
ஆயிரத்துக்கு.
படிவத்திலேயே அச்சடித்திருக்கிறது,
யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

விதி சின்னது.
ஐந்துக்குக் கீழே என்றால் விழுவான்.
ஐந்தோ அதற்கு மேலோ என்றால்
இடப்பக்கத்து வீட்டுக்காரனை ஒரு படி தூக்கிவிட்டு
தான் பூஜ்யமாவான்.

புயல் போன நாலாம் நாள்
தாழங்குடாவில் தொலைந்த வலை
ஆயிரத்து நானூற்று நாற்பத்தாறு துண்டு.
சொனாங்குப்பத்திலும் அதே எண்ணிக்கை.
இப்படியும் ஒத்துப்போகுமா என்று
இரண்டு தாளையும் ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன்.
கையெழுத்து வேறு. ஈரம் ஒன்று.

மறுநாள், கிராம அலுவலர் எங்கள் வராந்தாவில் உட்கார்ந்து
பேனா மூடியைக் கழற்றும் நேரம்
சொனாங்குப்பத்துப் பூவராகன் வந்தார்,
காலில் சேறு காயாமல்.
"உப்பனாத்து வாய்க்கிட்ட சவுக்கு வேர்ல
சிக்கிக் கெடந்துது சார், நம்ம வலை ரெண்டு துண்டு.
கிழிசல்தான், தைச்சுக்கலாம்.
இருக்கறதப் போச்சுன்னு எழுதக்கூடாதில்ல?
ரெண்டக் கழிச்சிடுங்க."

கழித்தார்கள்.
அடித்த ஆறின் தலையில் ஒரு நாலு.
அடித்தலுக்குப் பக்கத்தில் பூவராகன் கையெழுத்து,
ஒவ்வோர் எழுத்தையும் கரையேற்றுவது போல
அவ்வளவு மெதுவாக.

தாழங்குடாவின் ஆறு ஏறியது,
ஆயிரத்து நானூற்று ஐம்பது.
என் மேசையில் அந்த ஐம்பது ஏறி
ஆயிரத்து ஐந்நூறு.
மாடியில் அந்த ஐந்நூறும் ஏறி
இரண்டாயிரம்.
ஐந்நூற்று ஐம்பத்துநாலு துண்டு வலை
எந்தக் கடலும் தொடாமலே தொலைந்தது.

சொனாங்குப்பத்தின் நாலு இறங்கியது.
நாற்பது இறங்கியது.
நானூறும் இறங்கியது.
ஆயிரம்.

நான் ஒரு தப்பும் செய்யவில்லை.
விரல்விட்டு மூன்று முறை சரிபார்த்தேன்.
மாடியில் இருப்பவரும் செய்யவில்லை.
எடுத்த எடுப்பில் ஆயிரத்துக்கு முழுதாக்கியிருந்தால்
இரண்டு ஊருக்குமே ஆயிரம்தான் என்பது
ராத்திரி சாப்பிடும்போது உறைத்தது,
ரசம் ஆறிப்போன பிறகு.

பட்டியல் ஒட்டிய அன்று பூவராகன் திரும்ப வந்தார்.
சத்தம் போடுவார் என்று
நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்தினேன்.
போடவில்லை.
தாழங்குடாவில் அவருக்கு மச்சான் வீடு இருக்கிறதாம்,
அவர்களுக்குக் கிடைத்ததில் வயிற்றெரிச்சல் இல்லையாம்.
ஒன்று மட்டும் கேட்டார்:
"அந்த ரெண்டு துண்டையும்
மறுபடி கொண்டுபோய் கடல்லயே உட்டுட்டு வரட்டா சார்?"

கேலியா, கேள்வியா?
ஐந்துக்கு மேலா கீழா என்று
பிடிகொடுக்காத முகம்.

மனுவை வாங்கினேன்.
பதிவேட்டில் வரிசை எண் போட்டு
சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்:
முந்நூற்று எண்பத்தேழு.
அதை மட்டும் முழுதாக்கச் சொல்லி
எந்தப் படிவத்திலும் இல்லை.