மொழிமுதல்

ஹஸ்மிலா,
தெஹிவளையில் ஏறின கையோடு
என் இடது காதின் வயரைக் கழற்றி
உம்முடைய காதில் வைத்துக்கொண்டு
"இது என்ன பாட்டு?" என்று கேட்டீர்.
"தெரியாது" என்றேன்.
தெரியும்.
தலைப்பு 'க'வில் தொடங்கியது, அவ்வளவுதான்.
கொம்பனித்தெரு வரைக்கும் அந்தக் 'க'
என் தொண்டையில் நின்றுகொண்டே வந்தது,
சீட் கிடைக்காத ஆள் மாதிரி.

ஆகவே எழுதித் தருகிறேன்.
வோக்கலாய்ட் பாட்டுகளை ஆட்கள்
வருஷப்படி அடுக்குவார்கள், குரல்படி, செய்தவர் பேர்ப்படி.
நான் முதலெழுத்துப்படி.
என் வாய் இந்த ஊரையே அப்படித்தான் அடுக்கி வைத்திருக்கிறது:
பம்பலப்பிட்டிக்குப் போக
வெள்ளவத்தைக்கு டிக்கெட் கேட்டு
மீதியை நடக்கிறவள் நான்.

அ.
திறந்த வாய். இதனோடு எனக்குச் சண்டையில்லை.
'அமகுமோ செந்தகு', மழைமேகம் தோய்த்தல்.
ஒக்டோபர்ப் பின்னேரம்
மொட்டைமாடிக் கொடியில் உடுப்புக் காயாமல் கிடக்கையில் கேளும்.
இரண்டாம் நிமிஷத்தில் ஒரு கதவு சாத்தும்.
பாட்டுக்குள்தான். எழும்பிப் போய்ப் பார்க்க வேண்டாம்.

ஹ.
எழுத்தென்றே சொல்ல ஏலாது, வெறும் மூச்சு.
உம்முடைய பேரை நான் திக்காமல் சொல்வது அதனால்தான்.
'ஹன்புன் நோ ஹஷிகோ', பாதி ஏணி.
இந்தக் குரலுக்கு நுரையீரல் கிடையாது, தெரியுமா?
மூச்சு வேண்டுமென்றால்
செய்கிறவர் தனியாக வெட்டி ஒட்ட வேண்டும்.
இந்தப் பாட்டில் ஒரேயொரு மூச்சு ஒட்டியிருக்கிறது,
ஏணி முடிகிற இடத்தில்.

ர.
தமிழ்ச் சொல் இந்த எழுத்தில் தொடங்காது என்று
எட்டாம் வகுப்பில் படித்த அன்று
எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம்.
மொழிக்கே சில எழுத்து முதலில் வராது!
ரத்தினம் ஓர் இகரத்தின் கையைப் பிடித்துக்கொண்டு
படியிறங்குகிறது;
நான் எல்லாச் சொல்லுக்கும் முன்னால்
ஓர் 'அது வந்து' வைத்திருக்கிறேன்.
யப்பான்காரரின் பழைய சொற்களிலும் ர முதலில் வராதாம்.
வந்ததெல்லாம் இரவல்.
'ரெய்ஸோகோ நோ சுகி', குளிர்ப்பெட்டிக்குள் நிலா.
சுமார்தான்.
நடுச்சாமம் தண்ணீர் குடிக்க எழும்பினால் மட்டும்.

ச. ஒன்றும் பிடிக்கவில்லை. விட்டுவிடும்.

க.
அன்றைக்கு நீர் கேட்டது இது:
'கசா ஓ கசு', குடை இரவல்.
செய்தவர் வேண்டுமென்றே குரலை உடைத்திருக்கிறார்,
க, க, க, கசா.
நாலு துண்டும் தாளத்தில் விழுகின்றன.
முதல்முறை கேட்டபோது ஆத்திரம் வந்தது.
என்னுடையதில் தாளமில்லை, ஹஸ்மிலா.
என்னுடையதுக்கு ஒருவரும் கால் தட்டுவதில்லை,
மணிக்கூட்டைப் பார்க்கிறார்கள்,
இல்லாவிட்டால் சொல்லைத் தாங்களே முடித்துத் தருகிறார்கள்,
அநேகமாகப் பிழையான சொல்லை.
இருந்தாலும் இதைத்தான்
நாளுக்குப் பத்துத் தடவை கேட்கிறேன்.

ப கடைசி.
பேக்கரியில் நான் விரலால் காட்டி வாங்கும் சாமானுக்கு
அங்கேயும் 'பான்' என்றுதான் பேராம்.
ஒரே தேசத்துக் கப்பல்கள்
இரண்டு கரையிலும் இறக்கிவிட்டுப் போன சொல்.
'பான் நோ மிமி தாகே', பாணின் காது மட்டும்.
கருகின ஓரத்தை அவர்கள் காது என்கிறார்கள்.
எங்கள் வீட்டில் வெட்டிக் காகத்துக்குப் போடுவது.
இதைக் காலை ஆறரைக்குக் கேட்க வேண்டாம்,
பாண் ஓட்டோ தன் ஒற்றை மெட்டோடு
ஒழுங்கைக்குள் வந்தால் இரண்டும் கலந்துபோகும்.
கலந்தாலும் நல்லாத்தான் இருக்கும்,
நான் கேட்டுப் பார்த்தேன்.

இந்தத் தாளை நாளைக் காலைக் கோச்சியில் தருவேன்.
இதில் என் பேரை எழுதவில்லை.
இத்தனை நாளாய் நீர் கேட்டதுமில்லை.
அது பகர வரிசையில் வரும்.
கோட்டை போய்ச் சேரக் கொஞ்சம் நேரமிருக்கும்.
வயரைக் கழற்றி வையும்,
இரண்டு காதிலிருந்தும்.