இருநூறு மணிச் சங்கிலி

இரவு இரண்டு மணி, பீளமேடு.
திரையில் இருநூறு மணி கோத்த ஒரு சங்கிலி,
அதற்குக் கீழே ஒரு தரை.
தரை என்பது நான் எழுதிய நான்கு வரி:
இதற்குக் கீழே போகாதே,
பக்கத்தில் வந்தால் கொஞ்சம் இழு.

எவ்வளவு கொஞ்சம் என்பதுதான்
மூன்று மாதமாக என் வேலை.

குறைத்து வைத்தால் வரும், தொடும், போய்விடும்.
வெளியில் சுருண்டு கிடக்க லட்சம் விதம் இருக்கையில்
தரையில் வந்து ஏன் படுக்கவேண்டும்?
ஒரு தசமம் கூட்டினேன்.
ஐந்தாவது மணி தொட்டது, பதினெட்டாவது,
பிறகு எண்ண முடியவில்லை.
இப்போது பாதி தரையோடு தரையாக,
அங்கங்கே வளைந்தெழுந்து இறங்கி,
கடைசி முப்பது மட்டும் வாலாக
ஆடிக்கொண்டிருக்கிறது.

தனி மணியின் பிடியைக் கணக்கிட்டேன். அற்பம்.
சூட்டின் ஓர் உதறலுக்குத் தாங்காது.
ஒன்று விடுகிறது, இன்னொன்று விடுகிறது,
அதற்குள் முதலாவது திரும்ப ஒட்டிவிடுகிறது.
எல்லாம் ஒரே நொடியில் விட்டால் போய்விடலாம்.
நாற்பது கோடி அடி ஓட்டியாயிற்று.
விடவில்லை.

பெருந்துறைப் பட்டறையிலிருந்து தீர்த்தகிரி பகலில் கூப்பிட்டிருந்தார்.
"பாவுக்குப் போட்ட பசைங்க. கொதிக்கக் கொதிக்க மூணு தண்ணி,
போவேனாங்குது. லாரித் தண்ணிக்குக் குடுத்து மாளலைங்க.
உங்க கம்ப்யூட்டர் என்னங்க சொல்லுது?"
ஒட்டியிருக்கிறது என்று சொல்கிறது, என்றேன்.
"அது எங்களுக்கே தெரியுமுங்களே."

காலையில் ஈரோட்டு வண்டி. நின்றபடி.
சீர்த்தட்டோடு ஒரு குடும்பம், இரண்டு வரிசை நிறைய.
யார் எழுந்தாலும் பக்கத்து ஆள்
கையை விரித்து இடத்தைக் காத்தார்.
அவிநாசியில் கூட்டம் ஏறியது.
உருண்ட தேங்காயை எடுக்க ஒருவர் எழுந்தார்,
கல்லூரிப் பையன் உட்கார்ந்தான்.
அவனிடம் நியாயம் கேட்க இருவர் எழுந்தார்கள்,
இரண்டு பேர் உட்கார்ந்தார்கள்.
செங்கப்பள்ளி தாண்டுவதற்குள்
குடும்பம் மொத்தமும், தட்டும், படிக்கட்டுப் பக்கம்.
யாரும் யாரையும் பிடித்து எழுப்பவில்லை.

டிக்கெட்டின் பின்னால் எழுதினேன்:
ஒற்றை மணிகள். எதிலும் கோக்காதவை.
தரைமேல் சங்கிலியைவிட ஒரு துளி ஆசை கூட.
எத்தனை போட? முந்நூறு? ஆயிரம்?

பேனாவை மூடும்போதுதான் கவனித்தேன்,
நானும் உட்கார்ந்திருந்தேன்.
தட்டை ஏந்தி நின்ற அம்மாள்
விஜயமங்கலம் வரை
என்னைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்.