எஸ்பெசியாலிஸ்தா

புந்தா அரேனாஸில் ஜூன் மாதம்
பத்து மணிக்குத்தான் பொழுது விடியும்.
நான் ஆறரைக்கே வந்துவிட்டேன்.
கண் பிரிவிலிருந்து நெல்டா மூன்றாம் முறையாகக் கூப்பிடுகிறாள்:
"அனுப்பினோம், திராகோ. ஒருவரும் வரவில்லை.
டாக்டர் சான்டியாகோவிலிருந்து விமானத்தில் வந்து
காலி நாற்காலிகளைப் பரிசோதித்துவிட்டுப் போனார்."

முதலில் அடுத்தவர் மேல்தான் சந்தேகம், அதுதானே வழக்கம்.
கறுப்புப் பட்டியல்களில் எங்கள் முகவரியைத் தேடினேன். இல்லை.
கையொப்பச் சாவி காலாவதியா? இல்லை.
தீவுப் பக்கத்து சர்வர் தூங்குகிறதோ என்று
தட்டிப் பார்த்தேன். விழித்துத்தான் இருந்தது.
இருநூற்றைம்பது, சரி, என்றது.
எட்டு மணி. இரண்டாவது மாத்தே.
வெளியே காற்று ஒரு குப்பைத்தொட்டியைத்
தெரு நெடுக உருட்டிக்கொண்டு போனது.

பிறகுதான் எங்கள் வாசலைப் பார்த்தேன்.
வடிகட்டியின் பின்னறையில்
அறுபத்து மூன்று கடிதங்கள், ஐந்து வாரமாக.
ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரே எண்: 5.1.
ஐந்தைத் தாண்டினால் உள்ளே.

என்ன குற்றம்?
"மதிப்பிற்குரிய எலெயூத்தேரியோ ஒயார்ஸோ,
ஒன்பதாம் தேதி உங்களை எஸ்பெசியாலிஸ்தா பார்ப்பார்."
எஸ்பெ. சியாலிஸ். தா.
நிபுணர் என்ற சொல்லின் வயிற்றுக்குள்
ஆண்மை மாத்திரை ஒன்று சுருண்டு படுத்திருந்தது,
யாரும் விழுங்காமலே.

விதியை எழுதியவர் பெயர் பக்கத்திலேயே இருந்தது.
என் பெயர்.
மூன்று வருடம் முன்பு, இயக்குநரின் பெட்டியில்
ஒரே நாளில் நாற்பது மாத்திரை விளம்பரம்;
அவர் மனைவி பார்த்துவிட்டாள்.
இன்றே நிறுத்து என்றார். நிறுத்தினேன்.
போன மாதம் வரவேற்பறைக் கடவுச்சொல் திருடுபோனதும்
வெளியே போவதையும் சோதிக்கட்டும் என்று
அதே விதியைத் திருப்பி மாட்டியதும் நான்தான்.
மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவன்
மறுபடி தீப்பெட்டி வாங்கினாற்போல.

அதே ஐந்து வாரத்தில் எந்தத் தடையுமின்றி வந்தவள்
ஒரு சுரங்க முதலாளியின் விதவை.
பதினொரு மில்லியனைப் பங்கிட்டுக்கொள்ள ஆசைப்படுகிறாள்.
அவள் கையொப்பம் சரி, முகவரி சரி,
இலக்கணம்கூட எங்களைவிடச் சரி. மதிப்பெண் 0.4.

திருத்தம் சின்னதுதான்.
தனிச் சொல்லாக நின்றால் மட்டும் பிடி;
இன்னொரு சொல்லுக்குள் இருந்தால் விடு.
இரண்டு பக்கமும் ஒரு சாய்கோடு, ஒரு எழுத்து.
மொத்தம் நான்கு குறிகள்.
எனக்கே ஒரு சோதனைக் கடிதம் போட்டேன்:
எஸ்பெசியாலிஸ்தா, எஸ்பெசியாலிஸ்தா, திராகோ ஒரு முட்டாள்.
உடனே வந்து சேர்ந்தது.

அறுபத்து மூன்றையும் அவிழ்த்துவிடலாம்.
அதில் ஐம்பதுக்கு மேல் தேதி தாண்டியவை,
போன கப்பலுக்கு டிக்கெட்.
நெல்டா ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டாள்,
எடுக்காதவர்களுக்குப் புதிதாக எழுதினாள்.
என்னைத் திட்டவில்லை. அது இன்னும் மோசம்.

ஐந்தரைக்கு இருட்டியது. கோட்டை மாட்டும்போது
பின்னறையில் புதிதாய் ஒன்று விழுந்தது.
உள்ளே வந்த கடிதம். மதிப்பெண் 5.3.
தலைப்பு இல்லை. மூன்று கேள்விக்குறி.
முழுக்க முழுக்கப் பெரிய எழுத்து.
வியாபாரிகள் இப்படித்தான் கத்துவார்கள் என்று
விதி சொல்கிறது.

புவெர்ட்டோ வில்லியம்ஸிலிருந்து, நண்டு பிடிப்பவர்:
"வலது கண்ணில் மூடுபனி. இடதும் ஆரம்பம்.
படகு சனிக்கிழமை. முப்பது மணி நேரம்.
நான் வந்தால் டாக்டர் இருப்பாரா???"

கண் மங்கியவன் வேறு எந்த எழுத்தில் எழுதுவான்?

கையால் திறந்து நெல்டாவுக்கு அனுப்பினேன்.
கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டேன்.
விதிகள் மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு.
முதல் வரிக்குப் போனேன்.