நாலு வரிசைச் செம்பு

வத்தல்மலை ஏற்றத்தில் பதினேழாவது வளைவு.
முள் சிவப்பில் சாய்ந்தது.
பின்னால் ஒன்பது பேர், ரேஷன் அரிசி ஆறு மூட்டை,
யாருடையது என்று யாரும் ஒத்துக்கொள்ளாத
ஒரு ஆட்டுக்குட்டி.
இறக்கிவிட்டு, பானெட்டைத் தூக்கி வைத்து
முக்கால் மணி நேரம் காத்திருந்தேன்.
சாக்குத் துணி சுற்றி மூடியைத் திருகினால்
உள்ளே பச்சை இல்லை,
மஞ்சள்.

குழம்புக்குப் போடுகிற அதே தூள்.
ஒழுகும் ரேடியேட்டரை நாலு நாள் ஏமாற்ற
டிரைவர்கள் செய்வது.
நான் போடவில்லை.
அப்படியென்றால் தீர்த்தகிரி.

ஒற்றைப்படைத் தேதியில் ஜீப் அவனுக்கு,
இரட்டைப்படையில் எனக்கு.
தருமபுரி கோர்ட்டில் பிரிந்தபோது
வீடு அவனோடு நின்றது, பையன் என்னோடு வந்தான்,
இதை மட்டும் இரண்டாக அறுக்க முடியவில்லை.
முப்பத்தொன்றும் ஒன்றும் அடுத்தடுத்து வருவதால்
வருடத்துக்கு ஏழு நாள் அவனுக்குக் கூடுதல்.
கையெழுத்துப் போட்டபிறகுதான்
காலண்டரைப் பார்த்தேன்.

பைபாஸ் ரோட்டில் முக்தியார் பாய்
கழற்றியதைக் கவிழ்த்துத் தட்டினார்.
சாமைப் பதர் கொட்டியது,
வெட்டுக்கிளியின் கால்கள்,
சில்வர் ஓக் இலைத் துணுக்கு,
பாதி வண்ணத்துப்பூச்சி.
“காத்து எந்த வழியாம்மா போவும்?” என்றார்.

அலுமினியம், பிளாஸ்டிக் தொட்டி: ஆறாயிரத்து எண்ணூறு.
ஒரு கையால் தூக்கிவிடலாம்.
தொட்டி விரிசல் விட்டால்
பற்ற வைக்க முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான்.
மூணு வரிசைச் செம்பு ஒன்பதரை.
நாலு வரிசை பன்னிரண்டு.
அதைப் போட்டால் பிராக்கெட்டை வெட்ட வேண்டும்,
ஃபேனுக்கும் அதற்கும் நடுவே
ஒரு விரல்தான் நுழையும்.
காயலான் கடையிலும் ஒன்று கிடக்கிறதாம்,
எந்த வண்டி விட்டுப் போனதோ.

“இன்னும் எத்தனை வருஷம் ஓட்டப் போறீங்க?
அதச் சொல்லுங்க,
எதுன்னு நான் சொல்லிடறேன்.”

எங்கள் வக்கீல்கூட இதைக் கேட்டதில்லை.
எஃப்சி முடியப் பதினாலு மாசம் இருக்கிறது,
அதுதான் எனக்குத் தெரிந்த கணக்கு.

போன் போட்டேன்.
அவனுக்குப் பின்னால் யாரோ
அரூர், அரூர் என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.
“எது கம்மியோ அதப் போடு” என்றான்.
மஞ்சள் எப்போது போட்டாய் என்று கேட்டேன்.
அரூர் பஸ் கிளம்பும்வரை பதில் இல்லை.
“தையில.”
இப்போது ஆனி.
“சொல்லியிருந்தா
வித்துடலாம்னு சொல்லியிருப்ப.”

சொல்லியிருப்பேன்.

கடைப் பையன் அதற்குள்
நாலு வரிசையைத் தூக்கிவந்து பெஞ்சில் வைத்தான்.
பெஞ்சு கொஞ்சம் முனகியது.
ஒரு குழாயில் வாய் வைத்து ஊதிப் பார்த்தேன்,
மறுமுனையில் வைத்த விரலில்
என் மூச்சு எனக்கே சுட்டது.
செம்பு ஓட்டையானால் ஈயம் வைக்கலாம்,
மறுபடி ஓட்டையானால் மறுபடி.
எல்லாம் முடிந்துபோனாலும்
எடைக்குப் போட்டு
தராசில் சரிபாதி நிறுத்து வாங்கலாம்.
ஜீப்பில் அப்படிப் பிரிக்கக்கூடிய சாமான்
வேறு ஒன்றும் இல்லை.

இதையெல்லாம் பாயிடம் சொல்லவில்லை.
“நாலு” என்றேன்.
பழசின் செம்பு ஏழு கிலோ சொச்சம்,
கழித்துக்கொண்டு பில் எழுதினார்.
ஃபேனைச் சுற்றி இருக்க வேண்டிய தகரக் கூடு
எப்போதோ காணாமல் போயிருந்தது.
ரேடியேட்டரை மட்டும் குற்றம் சொல்லாதீங்க என்று
அதையும் அடித்துப் பொருத்தி
முந்நூறு சேர்த்தார்.

பில்லைப் போட்டோ எடுத்து அனுப்பினேன்:
பாதிக்குப் பாதி இல்லை,
ஏழு நாளுக்குச் சேர்த்துக் கொடு.
புரியவில்லை என்று எழுதினான்.
காலண்டரைப் பார் என்றேன்.

இருபத்து நாலாம் தேதி
பதினேழாவது வளைவில்
முள் எண்பதுக்கு வந்து,
யோசித்து,
அங்கேயே நின்றது.
அந்த ஆட்டுக்குட்டி மட்டும் இந்த முறை வரவில்லை.

ராத்திரி சாவியை அவன் வாசல் ஆணியில் மாட்டினேன்.
சீட்டுக்கடியில் ஒளித்திருந்த மஞ்சள் பொட்டலத்தை
எடுத்து வந்துவிட்டேன்.
நாளைக்குக் குழம்பு வைக்க வேண்டும்.