உடைந்தது: ஒன்று

இது என் முதல் புத்தகம் என்று சொன்னால்
பொய்.
இதற்கு முன் ஒன்று எழுதியிருக்கிறேன்,
ஆறு வருடம், இரவுப் பணியில்,
கோடு போட்ட நீளப் பதிவேட்டில்.
தேதி. படுக்கை எண். கொடுத்தது. மீதி.
கடைசியில் இரண்டு கையெழுத்து.
'ஆம்பூல் உடைந்தது: ஒன்று' என்று
வாரத்துக்கு இருமுறை எழுதினேன்.
அவ்வளவு கண்ணாடி நிஜமாக உடைந்திருந்தால்
அந்த வார்டில் ஒருவரும்
வெறுங்காலோடு நடந்திருக்க முடியாது.
யாரும் கேட்கவில்லை.
என் கையெழுத்து அழகு.

இப்போது கோத்தகிரியில்
தேயிலை எடை போடும் கொட்டகையில் கணக்கு எழுதுகிறேன்.
மழை நாளில் மூட்டைக்கு இத்தனை கிலோ என்று
ஈரத்துக்குக் கழிக்க வேண்டும்.
"தண்ணிக்கெல்லாம் காசு குடுக்க முடியாதுங்க"
முதலாளி தினமும் சொல்லும் வாக்கியம்.
என் பேனா அந்த இடத்தில் சற்று நின்று
பிறகு போகும்.

மாலையில் தராசைப் பூட்டிவிட்டு
நோட்டைத் திறக்கிறேன்.
ஒன்பது முறை தொடங்கியாயிற்று.
முதுகுவலியில் தொடங்கினேன்: வாசிப்பவர் இரக்கப்பட.
கணவரில் தொடங்கினேன்: அவர் பாவம்,
குவைத்திலிருந்து ஒழுங்காகப் பணம் அனுப்பினார்.
பனிமூட்டத்தில் தொடங்கினேன்.
மலையில் யார் கதைதான்
பனிமூட்டத்தில் தொடங்கவில்லை?
கிழித்துப்போட்டேன்.

கோவையில் கிடந்த நாற்பத்தைந்து நாளை
எழுதுவது சுலபம்.
நடுக்கம், வாந்தி, ஜன்னல் கம்பி,
பக்கத்துக் கட்டில் மெர்லின் ராத்திரியெல்லாம்
மகனின் பள்ளி வேன் நம்பரை முனகியது.
நான் பட்டதை எழுத
எனக்குக் கை கூசவேயில்லை.

கூசுவது ஒரே இரவுக்கு.
கட்டபெட்டு வளைவில் கேரட் லாரி கவிழ்ந்து
தொடை எலும்பு வெளியே தெரிய
பெள்ளிராஜைத் தூக்கி வந்தார்கள்.
காதுக்குள்கூட செம்மண்.
டாக்டர் எழுதியது ஊசி ஒன்று.
பாதி அவனுக்கு,
குறைந்த அளவுக்குத் தண்ணீர்.
மறுபாதி, கழிவறையில், எனக்கு.
"இன்னும் வலிக்குது சிஸ்டர்."
விடிவதற்குள் பதினோரு தடவை.
எண்ணினேன்.
எண்ணும்போது எனக்கு எங்கும் வலிக்கவில்லை.
அவன் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.
அது நடிப்பில்லை.
அதைத்தான் எந்த வாக்கியத்திலும்
உட்காரவைக்க முடியவில்லை.

இப்போது டானிங்டனில் டீக்கடை வைத்திருக்கிறான்.
ஒரு கால் கொஞ்சம் குட்டை.
என்னைக் கண்டால் வர்க்கி இரண்டு,
காசு வாங்க மாட்டான்.
"அன்னைக்கு நைட்டு பூரா கைய விடல இவங்க"
டீ குடிக்க வந்த அத்தனை பேரிடமும் சொல்வான்.
நான் வர்க்கியை நனைப்பேன்.
அது ஊறி டம்ளருக்குள் விழும் வரை
தலை நிமிர வேண்டியதில்லை.

வியாழக்கிழமைக் கூட்டத்தில்
டாக்ஸி ஓட்டும் ஒருவர் கேட்டார்:
புத்தகம் யாருக்கு?
நம்மைப் போன்றவர்களுக்கு என்றேன். கைதட்டினார்கள்.
திரும்பும் வழியில் காட்டெருமை ஒன்று
பாதையை மறித்து நின்றது.
டார்ச் அடிக்கக் கூடாது, ஓடக் கூடாது.
இருபது நிமிடம் அதன் மூச்சைக் கேட்டு நின்றேன்.
அது போனபோது
என் பதிலும் போயிருந்தது.

இன்று கரண்ட் இல்லை.
அழகாக எழுதுவதை விட்டுவிட்டு
அளவுகோல் வைத்துக் கோடு போட்டேன்.
தேதி: ஜூலை பதினேழு.
படுக்கை: நான்கு.
டாக்டர் எழுதியது: ஒன்று.
கொடுத்தது: பாதி.
உடைந்தது: இல்லை.
மீதியை எடுத்தது: கிரேஸ் தவமணி, ஸ்டாஃப் நர்ஸ்.

கையெழுத்து கோணலாக விழுந்தது.
இரண்டாவது கட்டம் காலி.
அந்நாளில் ஜெசிந்தா
பாதித் தூக்கத்தில் போட்டுத் தருவாள்.

டானிங்டன் கடை ஐந்தரைக்குத் திறக்கும்.
முதல் பஸ்காரர்கள் இறங்கி வருவதற்குள்
பத்து நிமிடம் அவன் தனியாக இருப்பான்,
பால் பொங்குவதைப் பார்த்தபடி.

வெளியே தூறல் பிடித்துவிட்டது.
நோட்டைச் சுற்ற
பிளாஸ்டிக் பை ஒன்று தேடுகிறேன்.