ஜூலை

விளக்குப் போன இரண்டு மணி நேரத்தில்
வேறு வேலை இல்லாமல்
நாயைத் தடவிக்கொண்டிருந்தேன்.
வெருலத்தில் எங்கள் தெருவுக்கு அன்று இரவு முறை.
கண்ணுக்குத் தப்பியதைக் கை பார்த்தது:
இடது விலாவுக்குப் பின்னால், ரோமத்துக்குள்,
ஊறவைத்த கொண்டைக்கடலை அளவில்
ஒன்று.
அழுத்தினால் நழுவியது.
விட்டால் அதே இடத்துக்குத் திரும்பி வந்து நின்றது.

"கட்டி" என்றேன்.
தயா மெழுகுவத்தியோடு வந்தாள்,
தானும் தொட்டுப் பார்த்தாள்,
விரலை நைட்டியில் துடைத்துக்கொண்டாள்.
அவள் அக்காவுக்கு வந்ததும்
முதலில் இப்படித்தான், கடலைபோல.
அதை அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.
ஜூலை மட்டும் புரண்டு
வயிற்றைக் காட்டிப் படுத்தது,
இன்னும் கொஞ்சம் தடவச் சொல்லி.

பெயர் வைத்தது கெருஷா.
கடைகள் எரிந்த அந்த வாரம் ஓய்ந்த மறுநாள்
கேட்டுக்கு வெளியே நொண்டிக்கொண்டு நின்றது,
குட்டியுமில்லை பெரியதுமில்லை.
பால் கிடைக்காத நாள்.
காய்ந்த ரொட்டியை வெறும் டீயில் நனைத்துப் போட்டோம்.
நான்கு நாளில் நடை சரியாகிவிட்டது.
காயத்தைத் தேட யாருக்கும் தோன்றவில்லை.
அப்போது தெருவில் எல்லோருமே
கொஞ்சம் நொண்டிக்கொண்டுதான் இருந்தோம்.

சனிக்கிழமை பள்ளி வேனில் ஏற்றிப் போனேன்.
பிள்ளைகள் சண்டை போடும் ஜன்னல் சீட்டை
அது கேட்காமலே எடுத்துக்கொண்டது.
டாக்டர் தொபெகா, சின்னப் பெண்,
ரோமத்தை மழித்தாள், ஊசியால் உறிஞ்சப் பார்த்தாள்.
ஊசி உள்ளே எதிலோ இடித்தது.
"இது சதை இல்லை."
எக்ஸ்ரே அறுநூற்று ஐம்பது ரேண்ட்.
கெருஷாவின் ஷூவுக்கு வைத்திருந்ததை
எண்ணிக் கொடுத்தேன்.

கறுப்புப் படத்தில் விலா எலும்புகள்
பனிமூட்டத்து வேலிக்கம்புகள்.
நடுவில் அது,
மிக வெள்ளையாக,
இடுப்பு சிறுத்து, தலை உருண்டு.
"ஏர்கன் ரவை" என்றாள்.
"பழசு. உடம்பே சுற்றிச் சுவர் கட்டிக்கொண்டிருக்கிறது.
பயப்பட ஒன்றுமில்லை, எடுத்துவிடலாம்."
பிறகு, படத்திலிருந்து கண் எடுக்காமல்:
"யார் சுட்டார்கள் என்று தெரியுமா?"

தெரியாது என்றேன்.
எவ்வளவு சீக்கிரம் வந்தது அந்தச் சொல்.

தெருமுனையில் டயர்களையும் பழைய மெத்தைகளையும் போட்டு
பதினோரு ஆண்கள் நின்றோம்.
யார் வருகிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது.
வருகிறார்கள் என்பது மட்டும்
எல்லோருடைய போனிலும் இருந்தது.
என் கையில், மாமரத்து வௌவாலை விரட்ட
லோகியிடம் பாதி விலைக்கு வாங்கியது.
விடியற்காலை மூன்றுக்குக்
கரும்புக்குள் ஏதோ அசைந்தது.
நாயென்று நினைத்து நான் சுடவில்லை.

செவ்வாய்க்கிழமை வெட்டி எடுத்தார்கள்.
மயக்கம் தெளியும்வரை பெஞ்சில் இருந்தேன்.
மூன்று தையல், கழுத்தில் புனல்போல ஒரு பட்டை.
ரவையை மூடிபோட்ட சின்ன டப்பாவில் தந்தாள்,
விழுந்த பால்பல்லைத் தாயிடம் கொடுப்பதுபோல.

வீட்டில் சந்தோஷம்.
தயா விளக்கு மாடத்தில் கற்பூரம் கொளுத்தினாள்.
கெருஷா டப்பாவைக் குலுக்கிக் குலுக்கிப் பார்த்து
"எந்தப் பாவி?" என்றாள்,
லோகி வீட்டுக்குக் கேட்கும்படி.
லோகி கேட்டான். என்னைப் பார்த்தான்.
கார் துடைக்கப் போய்விட்டான்.

இரவு ஜூலை
பட்டை கதவிலும் கட்டில் காலிலும் இடிபட
தேடிக்கொண்டு வந்து
என் பாதத்தின்மேல் தாடையை வைத்தது.
அதற்குத் தெரியுமா என்பது
டாக்டரிடம் கேட்கிற கேள்வியில்லை.

மறுபடி விளக்குப் போவதற்குள்
எக்ஸ்ரேயை உறையிலிருந்து எடுத்து
பல்பு வெளிச்சத்தில் பிடித்தேன்,
மூக்கிலிருந்து வால்வரை.
அன்று நான் சுட்டது இரண்டு முறை.
நாய்க்குள் ஒன்றுதான் இருந்தது.